உள்ளுக்கு வைக்கும் கொடி

விட்பி என்ற ஊரைக் கடக்கும்போது வலது சப்பாத்தின் அடி வாயைத் திறந்துவிட்டது. பையில் கிடந்த பிளாஸ்டிக் கயிற்றால் அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிங்ஸ்டன் வீதியில் மேற்கு நோக்கி நடந்தேன். ஒஷாவாவில் மெத்தை செய்யும் பட்டறை ஒன்றை அன்று காலைதான் விட்டு வந்திருந்தேன். அங்கே என்னைப் பசை ஊற்றும் மெசினில் நிறுத்தியிருந்தார்கள். கையுறை கேட்டேன். வேலை நிரந்தரமானால்தான் கையுறை என்றான் மேற்பார்வையாளன். கை நிரந்தரமாக இருந்தால்தானே வேலை நிரந்தரமாகும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் வாசலைக் காட்டினான். மதியச் சாப்பாட்டை அங்கிருந்த குளிர்பெட்டியில் விட்டுவிட்டேன் என்பது மட்டும்தான் வருத்தம். நல்ல மீன்குழம்பு.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதன் பிறகு கால்தான் படித்தது. கொழும்பில் சாக்கு அடுக்கினேன், ஜெர்மனியில் கோப்பை கழுவினேன், மொன்றியலில் கோழி உரித்தேன். ஓர் ஊரில் இரண்டு குளிர்காலம் இருந்ததில்லை. வன்கூவரில் பனி இல்லை, மழை மட்டும்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே போவதாக எண்ணம். எப்படிப் போவது என்பதைப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பிக்கரிங்கில் கூரை வேலைக்காரன் ஒருவன் இரங்கித் தன் பிக்கப் வண்டியில் ஏற்றினான். முன் இருக்கையில் அவனுடைய நாய் இருந்ததால் என்னைப் பின்னால் தார் வாளிகளோடு இருக்கச் சொன்னான். கார்த்திகை மாதத்து ஏரிக்காற்று. ஸ்காபரோவில் ஒரு டோனட் கடை வாசலில் அவன் இறக்கிவிட்டபோது என் பற்கள் தாமாகவே தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

உள்ளே மூலை மேசையைச் சுற்றி எங்கள் ஆட்கள், எல்லோரும் வயதானவர்கள். பேரப்பிள்ளைகள் கழித்துவிட்ட ஹொக்கி ஜாக்கெட்டுகள், காதை மூடும் தொப்பிகள், கழுத்தில் மப்ளர். அவர்களுக்கு மேலே, இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நேரம் முடியும் தறுவாயில் ஒருவர் எழும்பிப் போய் ஒரு கோப்பி வாங்கி வருவார். எல்லோருக்கும் புதிதாக இருபது நிமிடம் தொடங்கும். நான் போன நேரம் கடைப்பெண் அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். ஆளுக்கொரு கோப்பி வாங்குங்கள், அல்லது எழும்புங்கள் என்று மேசைக்கு முன்னால் நின்றாள். நான் ஒரு கோப்பியை வாங்கிக்கொண்டு நேரே அந்த மேசையில் போய் இருந்தேன். அவள் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"தம்பி தமிழோ?" என்றார் நெட்டையாக இருந்தவர்.

"ஓம் ஐயா."

"எந்த இடம்?"

இந்தக் கேள்விக்கு நான் ஒருபோதும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. கேட்பவரின் ஊரைச் சொன்னால் சொந்தம் தேடுவார். வேறு ஊரைச் சொன்னால் அந்த ஊரின் குறைகளைச் சொல்லுவார்.

"எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சம் ஐயா."

"அப்ப நீர் தபால்காரன்ரை மோனோ?"

மேசை முழுவதும் சிரித்தது. எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது.

நெட்டையானவர் அவர்களுடைய முதியோர் சங்கத்தின் தலைவர். ஊரில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் மேடையில் நிற்கும் பயணிகளுக்கு அறிவிப்பது போலச் சொல்லுவார். பக்கத்தில் இருந்த குட்டையானவர் செயலாளர். நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். உலகத்தில் நடப்பது எல்லாம் அவருக்கு வழக்குத்தான். இருவரும் ஒருவரை ஒருவர் மறுப்பதற்காகவே காலையில் எழும்புகிறவர்கள் என்று அரைக் கோப்பி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர்களை அந்தரப்படுத்திய சிக்கல் இதுதான். கடைக்குப் பின்னால் தெரிந்த உயர்ந்த கட்டடத்தில்தான் எல்லோரும் இருந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகளோடு. சின்னச் சின்ன வீடுகள்.

"பகலிலை மருமகள் நைட் ஷிப்ட் முடிச்சுப் படுத்திருப்பா. செருமவும் ஏலாது" என்றார் செயலாளர். "எனக்கு மருமகள் இல்லை. இவைக்காகத்தான் சொல்லுறன்."

கோடையில் பூங்காவில் இருப்பார்கள். குளிர் தொடங்கினால் இந்தக் கடை. இங்கிருந்தும் இனித் துரத்தப்படுவது உறுதி. கட்டடத்தின் நிலத்தடியில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில், ஓர் அறை சும்மா கிடந்தது. அதைக் குளிர்காலத்துக்குத் தரும்படி கேட்டிருந்தார்கள். கட்டடத்தை நடத்தும் கொம்பனியோ அதில் சைக்கிள் வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை எங்கடை தொகுதி மெம்பர் வாறா" என்றார் தலைவர். "மாகாண சபை மெம்பர். கொம்பனிக்காரனும் வாறான். அவ அறையைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா அவன் மறுக்கமாட்டான். சொல்லாட்டி அறையிலை சைக்கிள் நிக்கும், நாங்கள் றோட்டிலை நிப்பம்."

"அதுக்குத்தான் கொடி" என்றார் செயலாளர் சலிப்போடு.

"ஓம், கொடி இல்லாமல் ஒரு மெம்பரைக் கூப்பிடலாமே? மாகாணத்தின்ரை ஆள் வரேக்கை மாகாணக் கொடி நிக்கோணும். அதுதான் முறை."

"நாட்டுக் கொடி போதாதோ? இலை போட்டது. எந்தக் கடையிலையும் கிடைக்கும்."

"நாட்டுக் கொடிக்கு ஒட்டாவாவிலை இருந்தெல்லோ ஆள் வரோணும்!"

"மாகாணக் கொடியின்ரை மூலையிலை வெள்ளைக்காரன்ரை கொடி கிடக்கு. அவன் எங்களை விட்டிட்டுப் போய் எவ்வளவு காலம். திரும்பவும் அதுக்குக் கீழை நிக்கச் சொல்லுறீரோ?"

"அவன்ரை சட்டப் புத்தகத்தை வைச்சுத்தானே நீர் வழக்கு எழுதினீர்? அவன் போட்ட தண்டவாளத்திலைதானே நான் கோச்சி விட்டனான்? அப்ப வராத ரோசம் இப்ப எங்கையிருந்து வருகுது?"

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் கொடி என்று முடிவாயிற்று. அடுத்த கேள்வி, யார் போய் வாங்குவது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உவன் பெடியனுக்குக் கால் நல்லாயிருக்கு" என்றார் ஒருவர்.

"சப்பாத்துத்தான் சரியில்லை" என்றார் இன்னொருவர்.

படுக்க இடம் இருக்கிறதா என்று செயலாளர் கேட்டார். இல்லை என்றேன். அவர் மனைவியை இழந்தவர், தனியாக இருந்தார். சனிக்கிழமை வரை அவருடைய சோபா எனக்கு, கொடி வாங்கி வருவது என் பொறுப்பு என்று மேசையிலேயே தீர்ப்பானது. ஞாயிற்றுக்கிழமை நான் வன்கூவருக்கு வெளிக்கிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். "போமன், ஆர் மறிச்சது?" என்றார் தலைவர்.

கொடி விற்கும் கடை தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்தது. சங்கிலியில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு பெண்மணி மட்டும் உள்ளே இருந்தார். மாகாணக் கொடி என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் புதிது.

"உள்ளே வைக்கவா, வெளியே வைக்கவா?"

கொடி என்றால் கொடிதான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். வெளிக்கொடி மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் முரட்டுத் துணி. கம்பத்தில் ஏற்றி இறக்க ஒரு பக்கத்தில் கயிறு வைத்துத் தைத்திருப்பார்கள். உள்கொடி மினுங்கும் துணி. கயிறு இல்லை. கம்பைச் செருக ஒரு பக்கத்தில் நீளமாக உறைபோல மடித்துத் தைத்திருப்பார்கள். மற்ற மூன்று பக்கமும் தங்க நிறக் குஞ்சம். அதை வெளியே கட்டினால் ஒரு வாரத்தில் குஞ்சமெல்லாம் உதிர்ந்துவிடும். வெளிக்கொடியை உள்ளே வைத்தால் காற்றில்லாமல் ஈரத் துவாயைப் போலத் தொங்கும். இரண்டையும் மேசையில் விரித்துக் காட்டினார். சிவப்புத் துணி, மூலையில் வெள்ளைக்காரனின் கொடி, மற்றப் பக்கம் ஒரு கேடயத்தில் மூன்று தங்க இலைகள். பக்கத்து மாகாணத்தின் கொடியும் ஏறக்குறைய அதேதான், கேடயத்தில் மட்டும் இலைக்குப் பதிலாக ஒரு காட்டெருமை நின்றது. எனக்கு எருமைதான் பிடித்திருந்தது. பெண்மணி அதை மெதுவாக என் கையிலிருந்து எடுத்து மடித்து வைத்தார்.

"எங்கே வைக்கப் போகிறீர்கள்?"

"நிலத்துக்குக் கீழே."

"அங்கே காற்று வருமா?"

"இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கதைக்கத் தொடங்கினால் வரும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட விசயத்தில் சொந்தப் புத்தியைப் பாவிக்கக் கூடாது என்று வெளியே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து செயலாளர் வீட்டுக்கு எடுத்தேன். தலைவர்தான் எடுத்தார்.

"ஐயா, உள்ளுக்கோ வெளியிலையோ எண்டு கேக்கினம்."

"வெளியிலை! அவ காராலை இறங்கேக்கையே தெரியோணும்."

பின்னால் செயலாளரின் குரல் கேட்டது. "வெளியிலை ஆணி அடிக்க சுப்பர் விடுவானோ? அதைக் கேளும் முதல்லை."

சுப்பர் என்பது அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கும் போர்த்துக்கீசக்காரன். நல்ல மனுசன். ஆனால் வீடு வாடகைக்கு உண்டு என்ற கொம்பனியின் பலகையைத் தவிர வெளிச்சுவரில் எதுவும் தொங்க விடமாட்டான்.

"எங்கடை ராசாவைப் பிடிச்சவங்கள், கோட்டை கட்டினவங்கள்" என்று தலைவர் ஆரம்பித்தார். "இப்ப எங்களுக்கு ஒரு ஆணிக்கு அனுமதியில்லையாம்."

செயலாளர் தொலைபேசியைப் பறித்துவிட்டார். "தம்பி, கொடி எண்டால் ஏத்தோணும். ஏத்துறதெண்டால் கயிறு வேணும். கயிறு உள்ளதாப் பாத்து வாங்கும்."

"கயிறு உள்ளது வெளிக்கொடி ஐயா."

"அதுக்கென்ன? வெளிக்கொடியை உள்ளுக்கு ஏத்துவம்."

"விசரே உமக்கு?" தலைவரின் குரல். "உள்ளுக்கு வெளிக்கொடியை வைச்சால் அவ என்ன நினைப்பா? சாமியறைக்குள்ளை சப்பாத்தோடை நிக்கிற மாதிரி!"

"அப்ப நீர்தானே வெளியிலை எண்டு..."

தொலைபேசியை இருவரும் மாறி மாறிப் பறித்ததில் இணைப்பு அறுந்தது. வேறு நாணயம் என்னிடம் இல்லை. ஆக, ஒன்ராறியோ மாகாணத்தின் கொடி உள்ளேயா வெளியேயா என்பதை எட்டாம் வகுப்புக்காரன் ஒருவன் தீர்மானிக்க வேண்டி வந்தது. திரும்பிப் போய் இரண்டையும் தடவிப் பார்த்தேன். வெளிக்கொடி சாக்கு மாதிரி இருந்தது. உள்கொடி வழுக்கியது, குஞ்சம் விரலில் சுற்றியது. உள்கொடியை எடுத்தேன். கம்பும் தாங்கியும் தனியாக வாங்க வேண்டும் என்றார் பெண்மணி. துணியை வாங்கினால் கம்பு சும்மா வரும் என்று நினைத்திருந்தேன். சங்கம் தந்த காசு துணியோடு சரியாகிவிட்டது.

"கம்பில்லாமல் கொடியோ?" என்று தலைவர் தலையில் கை வைத்தார். கம்புக்கு சுப்பரைக் கேட்பதென்று முடிவாயிற்று. தருகிறேன், சனிக்கிழமை கொண்டுவந்து நிறுத்திவிடுகிறேன் என்று அவனும் சொன்னான்.

அடுத்த சிக்கல் செயலாளரிடமிருந்து வந்தது. அவர் இளமையில் சென்னையில் இரண்டு வருடம் படித்தவர். அங்கே கொடியை மடித்து உள்ளே பூவிதழ் வைத்துக் கட்டி, விருந்தாளி கயிற்றை இழுத்ததும் கொடி விரிந்து பூக்கொட்டுவதைக் கண்டிருந்தார். அதே போல இங்கேயும் நடக்க வேண்டும் என்றார்.

"இதிலை கயிறில்லை ஐயா" என்றேன்.

"கம்பிலை செருகிப்போட்டுச் சுத்தி ஒரு நூலாலை கட்டுவம். அவ நூலை இழுக்கட்டும். ஏத்திற நேரம் வரைக்கும் ஒருத்தரும் விரிச்சுப் பாக்கக் கூடாது. அது மரியாதையில்லை."

அதனால் செயலாளரையும் என்னையும் தவிர, தலைவர் உட்பட ஒருவரும் அந்தக் கொடியை விரித்துப் பார்க்கவில்லை. செயலாளர் கதவைச் சாத்திக்கொண்டு, கடையில் மலிவாகக் கிடைத்த கார்னேசன் பூக்களை இதழ் இதழாகப் பிய்த்து உள்ளே வைத்து, இலையும் கேடயமும் தெரியாமல் சதுரமாக மடித்தார். தலைவரின் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். எல்லோரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டோம்.

"ரெண்டு கிழவரும் பூவைச்சு மடிச்சுக்கொண்டிருங்கோ. வடைக்கு ஆர் அரைக்கிறது?" என்றவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் உளுந்தைத் தந்தார். போகும்போது ஒரு பொட்டலத்தைச் செயலாளரின் மேசையில் வைத்தார். மெம்பருக்குப் போர்த்துவதற்குச் சேலைக்கடையில் எடுத்த பொன்னாடை. சிவப்பு, தங்கக் கரை, கரையின் முனையில் குஞ்சம்.

சனிக்கிழமை காலை அந்த அறையை நானும் சுப்பரும் கூட்டிக் கழுவினோம். உடைந்த கதிரைகளை மூலையில் அடுக்கி மேலே படுக்கைவிரிப்பைப் போட்டு மறைத்தோம். அறைக்கு வெப்பம் வரவில்லை, குழாயைக் கொம்பனி மூடி வைத்திருந்தது. குத்துவிளக்கை ஏற்றக் கூடாது, புகைமணி அடிக்கும் என்று சுப்பர் சொல்லிவிட்டான். வெள்ளித் தட்டு ஒன்றில் சந்தனம், பூ, மடித்த கொடி, மடித்த பொன்னாடை எல்லாவற்றையும் அன்ரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சுப்பர் கம்பு எடுக்கப் போனான். அதற்குள் மெம்பரின் கார் வந்துவிட்டது என்று மேலிருந்து ஆள் ஓடி வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். எங்கள் கூட்டங்களுக்கு யாரும் அப்படி வந்ததில்லை. எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு வரவேற்க மேலே போனோம். படம் எடுக்கும்போது வெளிச்சம் அடித்து மினுங்கும் என்று தலைவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மெம்பர் உயரமான பெண். எல்லோருக்கும் கை கொடுத்தார். கொம்பனிக்காரன் இளைஞன், கையில் ஓர் அளவு நாடா வைத்திருந்தான். சைக்கிள் தாங்கிக்கு அளவெடுக்கத்தான் வந்திருக்கிறான் என்று செயலாளர் என் காதுக்குள் சொன்னார்.

கீழே வந்தோம். அறையின் மூலையில், வீதிக்குத் தூவும் உப்பு நிறைத்த வாளிக்குள் ஒரு கம்பு நிமிர்ந்து நின்றது. கூரைக்குப் பெயின்ற் பூசும் நீட்டுக்கம்பு. அதன் தலையில் சிவப்பும் தங்கமுமாக ஒரு துணி, சாம்பல் நிற ஒட்டுநாடாவால் இறுக்கச் சுற்றப்பட்டுத் தொங்கியது. பக்கத்தில் சுப்பர் பெருமையோடு நின்றான். நாங்கள் மேலே போயிருந்த நேரத்தில் தட்டில் இருந்த இரண்டு சிவப்புத் துணிகளில் அழகானதைத் தேர்ந்து, எங்கள் கொடியைக் கட்டிவிட்டதாக அவன் நினைத்திருந்தான். அதில் மாங்காய் மாங்காயாகச் சரிகை வேலை இருந்தது. நான் கண்டுவிட்டேன். மாகாணத்தின் கொடியில் மாங்காய் இல்லை.

தலைவருக்கு மாங்காய் தெரியவில்லை. கண்ணாடி பைக்குள் இருந்தது. அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கம்பில் சிவப்பாக ஒன்று நிற்கிறது, அது கொடி. தட்டில் சிவப்பாக ஒன்று இருக்கிறது, அது பொன்னாடை. கணக்கு சரிதான். கொடி முன்கூட்டியே ஏறிவிட்டது என்ற கோபத்தில் அவர் செயலாளரைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். பிறகு தட்டிலிருந்ததைத் தூக்கினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் குரலை எடுத்துவிட்டார்.

"எங்கள் பண்பாட்டின்படி, எங்கள் மதிப்புக்குரிய..." என்று ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டே துணியை ஓங்கி உதறி, மெம்பரின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். பூவிதழ்கள் மழையாகக் கொட்டின. அவருடைய தலைமயிரிலும், கொம்பனிக்காரனின் அளவு நாடாவிலும், வடைத் தட்டிலும் கொட்டின. எல்லோரும் கைதட்டினார்கள். இப்படி ஒரு பொன்னாடையை ஒருவரும் கண்டதில்லை.

அன்ரிதான் முதலில் கைதட்டலை நிறுத்தினார்.

"இஞ்சருங்கோ" என்றார் கணவனிடம். "பொன்னாடையிலை எங்கையப்பா இலை வந்தது?"

வெள்ளைக்காரனின் கொடி மெம்பரின் இடது தோளில் கிடந்தது. மூன்று தங்க இலைகளும் கேடயமும் வயிற்றில் இருந்தன. தலைவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். அவருடைய முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன். செயலாளர் என் கையைப் பிடித்தார்.

"இது கேஸ்" என்றார். "அரச கொடியை அவமதிச்சது. சாட்சி அவதான். முறைப்பாட்டுக்காரியும் அவதான்."

மெம்பர் குனிந்து தன்னைப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த கம்பைப் பார்த்தார். "அழகாக இருக்கிறது. அது உங்கள் சமூகத்தின் கொடியா?" என்று கேட்டார்.

ஊரில் போர் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் எங்களிடையே கொடி என்ற பேச்சை எடுத்தாலே குரல் தாழும். ஒருவர் நின்ற கொடிக்குக் கீழே மற்றவர் நிற்கமாட்டார். எந்தக் கொடியைப் பற்றி யார் எங்கே போய் என்ன சொல்லுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எந்தக் கொடியை வைப்பது என்று இத்தனை நாள் சண்டை பிடித்தவர்கள், அது தங்கள் கொடியாக இல்லாதபடியால்தான் அவ்வளவு நிம்மதியாகச் சண்டை பிடித்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இல்லை, இல்லை மேடம்" என்றார் தலைவர் அவசரமாக. "அது வெறும் சால்வை. எங்களிடம் கொடி ஒன்றும் இல்லை."

"அப்படியென்றால் இது?" என்று அவர் தோளைத் தொட்டார்.

"அது உங்களுடைய கொடி."

மெம்பருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பென்றால் சும்மா சிரிப்பில்லை, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செயலாளர் வழக்கை வெல்ல வேண்டும் என்று முன்னால் வந்து, விருந்தாளிக்குத் துணி போர்த்தும் வழக்கத்தையும், உள்கொடிக்கும் வெளிக்கொடிக்கும் உள்ள வித்தியாசத்தையும், சென்னையில் தான் கண்ட பூக்கொட்டலையும் விளக்கினார். போர்த்துக்கீசர் எங்கள் நாட்டைப் பிடித்த கதைக்குள் அவர் இறங்குவதற்குள் அன்ரி ஒரு வடையை அவர் கையில் திணித்துவிட்டார். சுப்பர் ஒன்றும் விளங்காமல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கழற்றி விடட்டுமா மேடம்?" என்று தலைவர் மிகவும் பணிவாகக் கேட்டார்.

"வேண்டாம்" என்றார் மெம்பர். கொடியை இன்னும் இறுக்கிக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். குஞ்சங்கள் முழங்காலில் ஆடின. "எத்தனையோ கூட்டங்களில் இதற்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இது இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது." பிறகு கொம்பனிக்காரன் பக்கம் திரும்பினார். அப்போது அவர் சிரிக்கவில்லை. "இந்த அறை ஏன் இவ்வளவு குளிராக இருக்கிறது?"

பாவிக்காத அறை, அதனால் வெப்பத்தை மூடி வைத்திருக்கிறோம் என்றான் அவன்.

"எனக்கே இதைக் கழற்ற மனமில்லை. இவர்கள் இங்கே எப்படி இருப்பார்கள்?"

அவர் அறையைக் கொடு என்று சொல்லவில்லை. கொடுத்தாகிவிட்டது போலப் பேசினார். கொம்பனிக்காரன் அளவு நாடாவைக் கையில் வைத்துச் சுருட்டினான். சுருட்டியதை விரித்தான். பல் இல்லாத முதியவர் ஒருவர் வாய்க்குள் இருந்த வடையைக்கூட மெல்லாமல் வைத்திருந்தார்.

"வெப்பத்தைத் திறந்துவிடலாம்" என்றான் அவன் கடைசியில். "பனி முடியும்வரை பாவிக்கட்டும். வசந்தத்தில் பார்க்கலாம். ஆனால் காலையில் திறந்து, மாலையில் பூட்டி, துப்புரவு செய்ய ஓர் ஆள் வேண்டும். இந்த வயதுக்காரரிடம் நான் திறப்பைக் கொடுக்க முடியாது. கட்டடத்தின் துப்புரவுக்காரனும் போன வாரம் விலகிவிட்டான். ஆள் இல்லாவிட்டால் அறையும் இல்லை."

தலைவரின் கை என் தோளில் விழுந்தது. ஸ்ரேசனில் பெட்டியைத் தூக்குவதற்கு ஆளைப் பிடிப்பது போல அழுத்திப் பிடித்தார்.

"ஆள் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். "எங்கள் சங்கத்தின் உதவிச் செயலாளர்."

அந்தப் பதவி அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. நான் நாளைக்கு வன்கூவர் என்று மெல்லச் சொன்னேன்.

"வன்கூவர் எங்கையும் ஓடாது" என்றார் செயலாளர் காதுக்குள். "ஓம் எண்டு சொல்லும் தம்பி. கேஸ் தோக்கப்போகுது."

சுற்றிப் பார்த்தேன். ஹொக்கி ஜாக்கெட்டுகளுக்குள் இருந்து எல்லாக் கண்களும் என்னையே பார்த்தன. அன்ரி வடைத் தட்டை என் பக்கம் நீட்டினார். அது கெஞ்சலா மிரட்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓம் என்றேன். பனி முடியும்வரை என்று அதோடு சேர்த்தும் சொன்னேன். அதை ஒருவரும் கேட்கவில்லை, கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மெம்பர் போகும்போது கொடியையும் போர்த்துக்கொண்டே காரில் ஏறினார். பரிசென்று நினைத்துவிட்டார். திருப்பிக் கேட்பது முறையா இல்லையா என்று இரண்டு கிழவர்களும் வாசலில் நின்று வாதாடினார்கள். அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் காரின் பின்விளக்கு வீதி முனையில் திரும்பிவிட்டது. சங்கத்துக்கு மிஞ்சியது பொன்னாடைதான். ஒட்டுநாடாவின் பசை போகாததால் அது அந்தக் கம்பிலேயே நின்றது. கட்டடத்துச் சீனக் குடும்பங்கள் அதை எங்கள் கொடி என்றே நினைத்திருந்தார்கள். நாங்களும் பிறகு மறுக்கவில்லை.

மறுநாள் காலை, வெளிச்சம் வர முன்னமே, சுப்பர் என்னைக் குப்பை அறைக்குக் கூட்டிப் போனான். எல்லா மாடியிலிருந்தும் குப்பை விழும் குழாய் அங்கேதான் வந்து முடியும். யாரோ ஒருவர் சிறுபிள்ளைக் கதிரை ஒன்றை முழுதாகவே குழாய்க்குள் தள்ளியிருந்தார். அது நடுவில் சிக்கி, அதற்கு மேல் ஒரு வாரக் குப்பை முழுவதும் நின்றது. கீழே நின்று பார்த்தால் கதிரையின் ஒரு கால் மட்டும் தெரிந்தது.

"இதுதான் வேலை" என்றான் சுப்பர். சொல்லிவிட்டு அவன் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி நின்றுகொண்டான். அதைப் பார்த்து நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். கதிரையின் காலைப் பிடித்து இழுத்தேன்.